அல்லேலூயா எழுதிய சாக்லேட் முட்டை

எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கப் பிள்ளைகள் சாக்லேட்டைத் தொடுவதில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூத்தவள் ஏழு வயதில் தானாக எடுத்த முடிவு அது, பிறகு தம்பியும் அக்காவைப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். அப்படிப்பட்டவர்கள் முன்னால் பெரிய சனிக்கிழமை மதியம் ஒன்றரை கிலோ சாக்லேட்டை முட்டை முட்டையாக அடுக்கி, "வாங்க, அலங்காரம் பண்ணலாம். ஆனா ராத்திரி பூசை முடியிற வரைக்கும் வாயில போடக் கூடாது" என்று சொல்வது லேசான காரியமில்லை. இருந்தாலும் இருவரும் அதைக் காப்பாற்றுகிறார்கள். உடைகிற துண்டு, வழிகிற சொட்டு எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போகும். டப்பா ஃப்ரிட்ஜுக்கு மேல் போய்விடும். பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டர் ராத்திரிப் பூசை, முடிந்து ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அந்த டப்பாவை இறக்குவதுதான்.

பெரம்பூரில் இருக்கிறோம். இந்த வழக்கம் 2020-இல் தொடங்கியது. அந்த வருடம் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஏப்ரல் 12-ஆம் தேதி வந்தது. ஊரடங்கு. கோவில் கதவு மூடியிருந்தது, திருப்பலியை டிவியில் பார்த்தோம், பேக்கரியும் திறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தாத்தா வாங்கித் தரும் முட்டை இந்த வருடம் இல்லை என்றதும் மகளின் முகம் வாடிப்போனது. அலமாரியில் கேக்குக்காக வாங்கி வைத்திருந்த சாக்லேட் பார் ஒன்று இருந்தது. மோல்டு கிடையாது. இரண்டு குழிக்கரண்டிகளின் உள்பக்கம் சாக்லேட்டைப் பூசி, ஃப்ரிட்ஜில் வைத்து, எடுத்து ஒட்டினோம். வந்தது முட்டை இல்லை, உருண்டை. ஆனால் அதன் மேல் ஜீரக மிட்டாயை ஒவ்வொன்றாக ஒட்ட மகள் ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்காகத்தான் அடுத்த வருடமும் செய்தேன்.

2025-ஓடு ஆறு முறை செய்தாகிவிட்டது. இதில் நான் கற்ற பெரிய பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையின் சாக்லேட் ஓடு செய்வதும் அலங்காரம் செய்வதும் ஒரே நாளில் வேண்டாம். ஓடு செய்வது வெப்பமானியும் பொறுமையும் கேட்கிற வேலை. அதை ஒன்றிரண்டு பெரியவர்கள் அமைதியாகச் செய்ய வேண்டும். அலங்காரம் வீட்டில் உள்ள எல்லோருக்குமான வேலை. முதல் இரண்டு வருடம் இரண்டையும் ஒன்றாகச் செய்து, சாக்லேட் இறுகுவதற்குக் காத்திருந்தே பிள்ளைகள் சலித்துப்போனார்கள். நானும் அவர்களிடம் எரிந்து விழுந்தேன். இப்போது ஓடு வேலை புனித வாரத்தின் புதன்கிழமை ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. வியாழனும் வெள்ளியும் கோவிலுக்கே சரியாகப் போய்விடும். சனிக்கிழமை மதியம்தான் அலங்காரம். இயேசுவின் கல்லறை மூடியிருக்கிற, எதுவும் நடக்காத, காத்திருக்க வேண்டிய நாள் அது. அந்தக் காத்திருப்புக்கு இந்தக் கைவேலை நன்றாகப் பொருந்துகிறது.

சென்னையில் ஏப்ரல் மாதம் சாக்லேட் வேலை செய்கிறவர்கள் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: 34 டிகிரி. கோக்கோ வெண்ணெய் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் உருகும். வாயில் போட்டதும் சாக்லேட் கரைவதற்கு அதுதான் காரணம், நம் உடம்புச் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் ஏப்ரல் மதியத்தில் நம் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அங்கே ஊற்றிய ஓடு எப்படி இறுகும்? அதனால் எங்கள் சாக்லேட் வேலை முழுக்கப் படுக்கையறையில் நடக்கிறது. ஏசியை 22-இல் வைத்து, கட்டிலை ஓரம் தள்ளி, மடக்கு மேஜை போட்டு. உருக்குவது மட்டும் அடுப்படியில். ஏசி இல்லாத வீட்டில் விடியற்காலை நாலு மணிக்குச் செய்யலாம். 2021-இல் நான் அப்படித்தான் செய்தேன், அந்த நேரத்துக்குத் தரை குளிர்ந்திருக்கும்.

எந்தச் சாக்லேட் வாங்குவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். கடையில் இரண்டு வகை இருக்கிறது. காம்பவுண்ட் சாக்லேட்டில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். உருக்கி ஊற்றினால் போதும், தானாக இறுகும், வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நாக்கில் மெழுகு போல ஒட்டும். கூவெர்ச்சர் என்று விற்பதில் உண்மையான கோக்கோ வெண்ணெய் இருக்கும். சுவை அருமை, ஆனால் டெம்பரிங் செய்தே ஆக வேண்டும். முதல் முறை செய்கிறவர்கள் தயங்காமல் காம்பவுண்ட் வாங்குங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கிற சின்ன முட்டைகளுக்கு நான் இப்போதும் அதைத்தான் வாங்குகிறேன். பெரிய முட்டைக்கு மட்டும் டார்க் கூவெர்ச்சர்.

டெம்பரிங் என்றால் மிரள வேண்டியதில்லை. கோக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக இறுகக்கூடியது. அதில் ஒரு விதம்தான் பளபளப்பாக, படக்கென்று உடைகிற மாதிரி இருக்கும். அந்த விதத்தை வரவழைப்பதுதான் டெம்பரிங். 600 கிராம் டார்க் சாக்லேட் எடுத்தால் 400 கிராமை 45 முதல் 50 டிகிரி வரை உருக்குகிறேன். இறக்கி வைத்து, மீதி 200 கிராமைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுகிறேன். நறுக்கிய துண்டில் நமக்கு வேண்டிய படிகம் ஏற்கெனவே இருக்கிறது. பாலில் உறை மோர் விடுவதைப் போலத்தான், அது மற்றதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சூடு 28-க்கு இறங்கியதும் திரும்ப மெதுவாக 31, 32-க்கு ஏற்றி அந்தச் சூட்டிலேயே வேலை செய்ய வேண்டும். மில்க் சாக்லேட் என்றால் வேலைச் சூடு 29, 30. வெள்ளைக்கு 28, 29. கத்தி நுனியை முக்கி ஏசி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாகக் காய்ந்தால் சரி. கோடு கோடாகச் சாம்பல் பூத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைவிரலால் சூடு பார்க்கிற பழக்கம் இங்கே உதவாது. ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மிக மிகக் கவனம் வேண்டும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும், அதிலிருக்கும் சர்க்கரை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் திரித்திரியாகக் கட்டிக்கொள்ளும். டபுள் பாய்லிங் செய்யும்போது கீழ்ப் பாத்திரத்து ஆவியே போதும் கெடுப்பதற்கு. மேல் கிண்ணம் கீழ்ப் பாத்திரத்தின் வாயை நன்றாக மூடியிருக்க வேண்டும், அடி தண்ணீரில் படக் கூடாது. கழுவிய கரண்டியைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்தால் போதாது, முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். அப்படிக் கட்டிப்போனால் தூக்கி எறியாதீர்கள். சூடான பாலை ஊற்றிக் கரைத்தால் கெட்டியான சாஸ் ஆகிவிடும், பிரெட்டில் தடவலாம். ஓட்டுக்கு மட்டும் ஆகாது. ஒரு முறை இளக்கமாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டேன். ஊற்ற நன்றாக ஓடியது. ஆனால் தேங்காய் எண்ணெய் 25 டிகிரி வாக்கிலேயே உருகிவிடுகிற பொருள். மறுநாள் பார்த்தால் முட்டை ஒரு பக்கமாகத் தொய்ந்திருந்தது.

மோல்டு நல்ல கெட்டியான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சிலிகான் மோல்டில் கழற்றுவது எளிது, ஆனால் பளபளப்பு குறைவு. ஊற்றும் முன் மோல்டின் உள்பக்கத்தைப் பஞ்சால் வட்ட வட்டமாகத் துடைப்பது என் கணவரின் வேலை. அந்தப் பளபளப்பு அப்படியே சாக்லேட்டில் இறங்கும். ஸ்கிரப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஒவ்வொரு கீறலும் முட்டையில் தெரியும். சாக்லேட்டை நிரப்பி, மோல்டைத் தட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, கவிழ்த்து வடித்துவிட வேண்டும். ஓரத்தைச் சுரண்டிவிட்டுப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில். திரும்ப ஒரு பூச்சு. ஒரே பூச்சோடு விட்டால் சனிக்கிழமை பிள்ளைகளின் விரல் பட்டே நொறுங்கிவிடும். 15 செ.மீ. உயர முட்டைக்கு இரண்டு பாதிக்கும் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 250 கிராம் பிடிக்கிறது. இறுகிய சாக்லேட் சுருங்கும். அப்போது கண்ணாடி மாதிரியான மோல்டு வெளியிலிருந்து பார்க்க வெளுத்துப் பனி படர்ந்தது போல இருக்கும். அதுதான் கழற்றும் நேரம். அதற்கு முன் நெம்பினால் விரிசல்.

இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு நம் வீட்டு தோசைக்கல்லைவிட நல்ல கருவி இல்லை. கல்லை லேசாக, கை வைத்தால் தாங்குகிற சூட்டுக்குக் காய்ச்சி அடுப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, அதனால் கல்லின் மேல் ஒரு பட்டர் பேப்பர் விரித்துக்கொள்ளலாம். ஒரு பாதிக்குள் ஜீரக மிட்டாயும் காகிதம் சுற்றிய டாஃபியும் போட்டு வைத்து, இரண்டாம் பாதியின் விளிம்பைக் கல்லில் இரண்டு வினாடி தொட்டு எடுத்து, முதல் பாதியோடு பொருத்தி அரை நிமிடம் அசையாமல் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை காலையில் சின்னவன் முதலில் செய்வது, ஒவ்வொரு முட்டையாகக் காதருகே ஆட்டிப் பார்ப்பதுதான்.

ஆட்டுவதற்கு முன் கையுறை போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். விரல் சூடு பட்டால் சாக்லேட்டில் ரேகை பதிந்து மங்கிப்போகும், பிறகு மினுமினுப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மகள் பள்ளி பேண்டில் இருக்கிறாள். அணிவகுப்புக்குப் போடுகிற வெள்ளைப் பருத்திக் கையுறைகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறோம், அதுவே போதுமானதாக இருக்கிறது. முட்டை உருளாமல் இருக்க ஆளுக்கொரு கிண்ணத்தில் அரிசி கொட்டி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, லேசாக ஒரு குழி செய்து அதில் முட்டையை உட்கார வைக்கிறோம். வேண்டிய பக்கம் சாய்த்துக்கொள்ளலாம், அசையாது.

2022-இல் ஒரு கஷ்டம் வந்தது. அந்த வருடம் முட்டைகளை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். சனிக்கிழமை மதியம் நேராக எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ஐந்தே நிமிடத்தில் எல்லா முட்டைகளும் முத்து முத்தாக வியர்த்தன. மகள் டிஷ்யூ எடுத்து ஒற்றினாள். ஈரம் போயிற்று, ஆனால் ஒரு மணி நேரத்தில் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக, தொட்டால் சொரசொரப்பாகப் பூத்துவிட்டது. பூஞ்சணம் இல்லை அது. வியர்வை சாக்லேட்டின் சர்க்கரையைக் கரைத்து, தண்ணீர் காய்ந்ததும் அந்தச் சர்க்கரை மேலே படிந்துவிடுகிறது. சாப்பிடலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேற்பரப்பில் ஐசிங் பிடிக்காது, வண்ணமும் நிற்காது. அப்போதிருந்து புதன்கிழமை ஓடுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஏசி அறையிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால், டப்பாவோடு வெளியே எடுத்து ஒரு மணி நேரம் மூடியைத் திறக்காமல் விட வேண்டும். டப்பாவின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும், உள்ளே இருப்பது தப்பிக்கும்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டிகளில் எண்ணும் எழுத்தும் எழுதியவர். செங்காவி நிறப் பெட்டிகளில் தொடங்கி நீலப் பெட்டிகள் வரை அவர் கை பட்டிருக்கிறது. இப்போது 74 வயது, கை லேசாக நடுங்குகிறது. முதல் மூன்று வருடம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தார். நானும் கூப்பிடவில்லை, பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு. 2023-இல் மகள் முட்டையில் 'அல்லேலூயா' என்று எழுத ஆரம்பித்தாள். அந்தச் சொல்லை எங்கள் கோவிலில் தவக்காலம் முழுக்க யாரும் பாடுவதில்லை. பாஸ்கா திருவிழிப்பில்தான் திரும்ப வரும், அதனால் முட்டையில் எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அவள் இடது ஓரத்தில் 'அ' என்று பெரிதாகத் தொடங்கி, 'லூ' வரும்போதே இடம் முடிந்து, 'யா' முட்டையின் பின்பக்கம் போய்விட்டது. அழித்து எழுதினாள், திரும்பவும் அதேதான். அழுகை வருகிற மாதிரி ஆனதும் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, வளைஞ்ச இடத்துல ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது. மொத்தம் எத்தனை எழுத்து? அஞ்சு. நடு எழுத்து எது?"

"லே, தாத்தா."

"அத முதல்ல நடுவுல போடு. அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

சொல்லிவிட்டு அவர் செய்த காரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு தையல் நூலை எடுத்து ஐசிங் சர்க்கரையில் புரட்டினார். அதை முட்டையின் குறுக்கே இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். இருண்ட சாக்லேட்டின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. அதே மாதிரி மேலே இன்னொன்று. சுவரில் எழுதும்போது சுண்ணாம்பு நூல் பிடிக்கிற அதே முறை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எழுத்து நிற்க வேண்டும், எழுதிக் காய்ந்ததும் காய்ந்த பிரஷ்ஷால் கோட்டைத் தட்டிவிட்டால் போய்விடும். கை நடுங்குகிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு டப்பாக்களின் மேல் ஒரு மர ஸ்கேலைக் குறுக்காக வைத்து, அதில் மணிக்கட்டைச் சாய்த்தார். நடுக்கம் ஸ்கேலோடு நின்றுவிட்டது, பைப்பிங் கோனின் நுனி மட்டும் நகர்ந்தது. முதலில் லே. அப்புறம் இடப்பக்கம் ல், வலப்பக்கம் லூ. கடைசியாக இரண்டு ஓரங்களிலும் அ, யா. பெட்டியில் எழுதுகிற அதே சதுரமான, கனமான எழுத்து.

இந்தக் குடும்ப வேலையில் எனக்குக் கிடைத்த இரண்டாவது பெரிய பாடம் அதுதான். வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு தொழில் இருக்கும். தையல், கோலம், மருதாணி, பூக்கட்டுவது, எதுவாக இருந்தாலும் சரி. அலங்காரத்துக்கு மாதிரிப் படம் தேடுவதற்கு முன்னால் அதைக் கேட்டு மேஜைக்குக் கொண்டுவாருங்கள். என் அத்தை போன வருடம் வந்திருந்தார். ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போடுகிறவர். சங்கிலித் தையல் மாதிரியே ஐசிங்கில் ஒரு பார்டர் இழுத்து, முட்டை ஒட்டிய வரி தெரியாமல் செய்துவிட்டார்.

ஐசிங் விஷயம். கோடும் எழுத்தும் நிற்பதற்கு ராயல் ஐசிங்தான் நல்லது. 200 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பச்சை வெள்ளைக்கரு சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் நான் அதைச் சேர்ப்பதில்லை. கடையில் கிடைக்கிற மெரிங் பவுடரை (உலர்ந்த வெள்ளைக்கருப் பொடி) கரைத்துக்கொள்கிறேன். அது இல்லாத ஒரு வருடம் வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை, உப்புப் போடாமல், கொஞ்சம் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து இரண்டு டேபிள்ஸ்பூன் விட்டு அடித்தேன். அருமையாக நுரைத்து வந்தது, கடலை வாசமும் தெரியவில்லை. பதம்தான் முக்கியம்: கரண்டியைத் தூக்கினால் நுனி நின்று, மெல்லத் தலை சாய வேண்டும். சாயாமல் விறைத்து நின்றால் கோனிலிருந்து வராது. வழிந்தால் எழுத்து படர்ந்துவிடும். பட்டர் பேப்பரைக் கோனாகச் சுருட்டி நுனியை ஊசி அகலத்துக்கு வெட்டினால் போதும். சின்னவனுக்குக் கோன் பிடிக்க வராது. காது குடையும் குச்சி ஒன்றின் பஞ்சை எடுத்துவிட்டு அவனுக்கு அந்தக் குச்சியைக் கொடுத்தேன். அதை ஐசிங்கில் தொட்டுப் புள்ளி வைக்கிறான். அவன் முட்டை முழுக்கப் புள்ளிதான், அம்மை போட்ட மாதிரி என்று அக்கா சொல்லுவாள், ஆனால் எனக்கு அது மழை பெய்கிற மாதிரி அழகாகத்தான் தெரிகிறது. ஐசிங் காய மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சென்னை ஈரக்காற்றில் ஃப்ரிட்ஜில் வைத்தால் பிசுபிசுக்கும்.

வண்ணத்தில் நிறையப் பேர் செய்கிற பிழையை நானும் செய்தேன். ராயல் ஐசிங்குக்குச் சாதாரணத் தண்ணீர் கலரோ ஜெல் கலரோ சேரும். அதே பாட்டிலை உருகிய வெள்ளை சாக்லேட்டில் விட்டால், முன்னே சொன்ன தண்ணீர்க் கதைதான், களி மாதிரி ஆகிவிடும். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரைகிற கலர் என்று தனியாக விற்பதை வாங்க வேண்டும். மஞ்சள் நிறத்துக்கு மட்டும் கடைக்கே போக வேண்டாம். மஞ்சள் தூளின் நிறம் கொழுப்பில் கரையக்கூடியது. 100 கிராம் வெள்ளை சாக்லேட்டுக்கு இரண்டு விரல் நுனியில் எடுக்கிற அளவு சலித்த மஞ்சள் தூள் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் கோழிக்குஞ்சு மஞ்சள் வரும், வாசனையும் வராது. பீட்ரூட் பொடி அப்படிக் கரையாது, துகள் துகளாக நிற்கும். மினுமினுப்புக்கு இனிப்புக் கடையில் காஜு கத்லி மேல் ஒட்டுகிற வெள்ளித் தாள் அழகாக ஒட்டுகிறது. கைவினைக் கடையில் கிடைக்கும் ஜிகினாத் தூளைத் தயவுசெய்து போடாதீர்கள், அது தின்பதற்கானது இல்லை.

பூக்களுக்கு மார்சிபான், அதாவது பாதாமும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு மாவு. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. ரயில்வேயால் பெரம்பூரில் அப்படி நிறையக் குடும்பங்கள். அந்த ஆண்ட்டி பாதாமுக்குப் பதில் முந்திரியில்தான் மார்சிபான் செய்வார். முட்டை அச்சில் அடைத்து எடுத்து, மேலே எங்கள் பெயர்களை வெள்ளை ஐசிங்கில் எழுதித் தருவார். வேறு மதத்துப் பிள்ளைகளுக்கும் பெயர் எழுதின முட்டை உண்டு. அவர் சொல்லிக் கொடுத்த அளவையே வைத்திருக்கிறேன்: பொடித்த முந்திரியும் ஐசிங் சர்க்கரையும் சம எடை, பன்னீர் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். முந்திரியை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு அல்வா மாதிரி ஆகிவிடும். இந்தப் பூக்களை உருகிய சாக்லேட் ஒரு சொட்டு வைத்து ஒட்டுகிறோம்.

சாக்லேட் முட்டைக்கும் மார்சிபான் பூவுக்கும் பழைய உறவு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1873-இல் உள்ளே வெற்றிடமான சாக்லேட் முட்டையை விற்றது, இரண்டு வருடம் கழித்து கேட்பரி. கேட்பரியின் ஆரம்ப கால முட்டைகள் டார்க் சாக்லேட்டில், வழவழவென்று, உள்ளே சர்க்கரை மிட்டாய்களோடு இருந்தன. அலங்காரம் என்று வந்தபோது முதலில் வந்தவை சாக்லேட்டால் இழுத்த கோடுகளும் மார்சிபான் பூக்களும்தான். பிறகு முதலைத்தோல் மாதிரி கோடு கோடாக வெடித்த ஒரு வேலைப்பாடு பரவியது. ஓட்டில் இருக்கிற சின்னச் சின்னக் குறைகளை மறைக்க அது உதவியது என்று படித்தபோது, பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவதற்கு அப்பா சொல்கிற 'பட்டி பார்ப்பது' ஞாபகம் வந்தது.

2024-இல் பெரிய முட்டையில் ஒரு விரிசல். ஒட்டும்போது நான் அழுத்திப் பிடித்துவிட்டேன். தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்பா வாங்கிப் பார்த்தார். "பெட்டியில டென்ட் இருந்தா பெட்டியவா தூக்கிப் போடுவோம்? பட்டி பாத்து மேல அடிப்போம்மா" என்றார். மகள் விரிசலுக்குள் உருகிய சாக்லேட்டை நிரப்பி, இறுகியதும் கத்தியின் முதுகால் சமமாக்கினாள். அந்த வரியையே கொடியாக்கி, இரண்டு பக்கமும் இலை வைத்தாள். அந்த வருடம் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தது அந்த முட்டையைத்தான்.

ஒரு முறை நடுவில் கரன்ட் போனது. அறை சூடேற ஆரம்பித்ததும் எல்லா முட்டைகளையும் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை ஈரத்துணி சுற்றிய மண்பானையின் பக்கத்தில் தரையில் வைத்தோம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. எறும்புக்கு இதைவிடப் பயப்பட வேண்டும். தண்ணீர்த் தட்டில் வைக்கலாம், ஆனால் மூடி இறுக்கமான டப்பா போல வராது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும் முட்டைகளை ஞாயிறு காலை ஏழு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். பத்து மணிக்கு மேல் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனால் போய்ச் சேரும்போது அது முட்டையாக இருக்காது.

2025-இல் ஏப்ரல் 20-ஆம் தேதி உயிர்ப்பு ஞாயிறு. நள்ளிரவுத் திருப்பலியிலிருந்து திரும்பி வந்து, உடைந்த துண்டு டப்பா காலியான பிறகு, அல்லேலூயா எழுதிய பெரிய முட்டையைத் தட்டில் வைத்தோம். யார் உடைப்பது என்று கொஞ்சம் தயக்கம். கடைசியில் சின்னவன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு குத்து விட்டான். உள்ளே இருந்த ஜீரக மிட்டாய் மேஜை முழுக்கச் சிதறி ஓடியது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஒரு சின்னத் துண்டுதான் எடுத்துக்கொள்வார். அதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து இருந்த துண்டுகளை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாகச் சேர்த்து வைத்துப் பார்த்தார். மகள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இந்த வருடம் அவளே எழுதியது அது.

"லூ கொஞ்சம் அகலமாப் போச்சு பாப்பா, அதான் யா நெருக்கிக்கிச்சு. அடுத்த வருஷம் லூவோட வால சுருக்கணும்" என்றார் அப்பா. அவள் ஒரு பேப்பரை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து லூ எழுதிப் பார்க்க ஆரம்பித்தாள். மணி இரண்டு.